தொகைசார் பண்புகளும் சவ்வூடு பரவல் அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொகைசார் பண்பு என்று எதைச் சொல்கிறோம்?

கரைந்திருப்பது எந்தப் பொருள் என்பதைப் பாராமல், எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதை மட்டும் பார்த்து மாறும் பண்பு. ஆவி அழுத்தத் தாழ்வு, கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு, சவ்வூடு பரவல் அழுத்தம் என நான்கு. ஒரு கிலோ நீரில் 6 கிராம் யூரியா, இன்னொரு கிலோவில் 18 கிராம் குளுக்கோஸ், மூன்றாவதில் 34.2 கிராம் சுக்ரோஸ் கரைத்து வையுங்கள். எடை கிட்டத்தட்ட ஆறு மடங்கு வரை வேறுபடுகிறது. ஆனால் மூன்றிலும் இருப்பது 0.1 மோல்தான். அதனால் மூன்றும் ஏறத்தாழ −0.186 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும்.

கரைசலின் அடர்த்தி, பாகுநிலை, நிறம், மின்கடத்தல் ஆகியவை பொருளுக்குப் பொருள் மாறுபவை. அவை இந்தக் கணக்கில் சேரா.

நான்கு பண்புகளுக்கும் நான்கு காரணங்களா?

இல்லை, ஒரே காரணம்தான். கரைபொருள் கலந்ததும் கரைப்பான் மூலக்கூறுகள் கரைசலை விட்டு வெளியேறும் நாட்டம் குறைகிறது. கலவையில் என்ட்ரோபி (துகள்களின் ஒழுங்கின்மையின் அளவு) கூடுதலாக இருப்பதே இதற்கு அடிப்படை. கரைபொருள் நீரைப் 'பிடித்து வைத்துக்கொள்கிறது' என்பது பரவலான விளக்கம். ஆனால் நீருக்கும் கரைபொருளுக்கும் இடையே தனிப்பட்ட ஈர்ப்பு எதுவுமே இல்லாத நல்லியல்புக் கரைசலிலும் இந்த விளைவு முழுமையாக இருக்கிறது. ஆகவே அந்த விளக்கம் நிற்காது.

வெளியேறும் நாட்டம் குறைந்ததால் ஆவியாகச் செல்வது குறைகிறது. இது ஆவி அழுத்தத் தாழ்வு. வெளி அழுத்தத்தை எட்ட இன்னும் சூடாக்க வேண்டியிருக்கிறது. இது கொதிநிலை ஏற்றம். பனிக்கட்டியாக மாற இன்னும் குளிர வேண்டியிருக்கிறது. இது உறைநிலைத் தாழ்வு. கூறுபுகவிடும் சவ்வின் (கரைப்பானை விட்டு, கரைபொருளைத் தடுக்கும் சவ்வு) மறுபுறம் தூய நீர் இருந்தால், அங்கிருந்து இங்கு வரும் மூலக்கூறுகள் இங்கிருந்து அங்கு போவதைவிட அதிகம். இதுதான் சவ்வூடு பரவல்.

நான்கில் எதை அளப்பது எளிது?

ஒரே கரைசலை வைத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மின்பகுளி அல்லாத (அயனிகளாகப் பிரியாத) பொருளின் 0.01 மோலால் (ஒரு கிலோ நீருக்கு 0.01 மோல்) நீர்க்கரைசல், 25 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம்.

தூய நீரின் ஆவி அழுத்தம் 23.76 மி.மீ. பாதரசம், அதில் குறைவது 0.0043 மி.மீ. கொதிநிலை 0.005 டிகிரி ஏறும். உறைநிலை 0.0186 டிகிரி இறங்கும். சவ்வூடு பரவல் அழுத்தமோ ஏறத்தாழ 0.245 அட்மாஸ்பியர், அதாவது 186 மி.மீ. பாதரசம். நீர்த்தம்பமாகச் சொன்னால் இரண்டரை மீட்டர் உயரம்.

முதல் மூன்றையும் அளக்க நுட்பமான கருவி வேண்டும். கடைசியானதை அளவுகோலால் அளந்துவிடலாம். ஆனால் அதற்கு நல்ல சவ்வு அமைய வேண்டும் என்பதுதான் சிக்கல். யூரியா போன்ற சிறிய மூலக்கூறுகளை முழுமையாகத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வைச் செய்வது கடினம். அதனால்தான் சிறிய மூலக்கூறுகளுக்கு உறைநிலைத் தாழ்வும், பெரிய மூலக்கூறுகளுக்குச் சவ்வூடு பரவல் அழுத்தமும் என்று வழக்கம் பிரிந்து நிற்கிறது.

மேசைமேல் இருக்கும் உப்புக் கரைசல் குவளையின் சுவரைச் சவ்வூடு பரவல் அழுத்தம் தள்ளுகிறதா?

தள்ளவில்லை. கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். தேர்வுத்தாள்களில் மிக அதிகமாகத் தென்படும் குழப்பம் இதுதான். சவ்வூடு பரவல் அழுத்தம் என்பது, தூய கரைப்பானிலிருந்து சவ்வின் வழியாகக் கரைசலுக்குள் நிகரமாக எதுவும் வராமல் தடுக்க, கரைசலின் மேல் நாம் கூடுதலாகச் செலுத்த வேண்டிய அழுத்தம். சவ்வும் மறுபுறத்துக் கரைப்பானும் இல்லாத இடத்தில் இப்படி ஓர் அழுத்தம் எங்கும் செயல்படுவதில்லை. கரைசலின் செறிவைச் சொல்ல அது ஓர் அளவாக மட்டும் நிற்கிறது.

இன்னொன்று. நிகரப் பாய்வு நின்ற பிறகும் இருபுறமும் மூலக்கூறுகள் போய் வந்துகொண்டுதான் இருக்கும். வீதம் சமமாகிவிட்டது, அவ்வளவுதான்.

சூத்திரம் என்ன? கணக்கில் எங்கே பிழை வருகிறது?

சவ்வூடு பரவல் அழுத்தம் = வான்ட் ஹாஃப் காரணி × மோலாரிட்டி × வாயு மாறிலி × வெப்பநிலை

வான்ட் ஹாஃப் காரணி என்பது, கரைத்த ஒரு மோல் பொருள் கரைசலில் எத்தனை மோல் துகள்களாகக் கணக்கில் வருகிறது என்பது; பிரியாத, இணையாத பொருளுக்கு 1. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். வாயு மாறிலியை 0.0821 என்று எடுத்தால் விடை அட்மாஸ்பியரில் வரும், 0.0831 என்றால் பாரில் வரும். 8.314 என்று போட்டால் செறிவை ஒரு கனமீட்டருக்கு இத்தனை மோல் என்று மாற்றியாக வேண்டும், விடை பாஸ்கலில் வரும். செறிவை லிட்டரிலேயே விட்டுவிட்டு 8.314 போட்டால் விடை கிலோபாஸ்கலில் வந்திருக்கும்; அதைப் பாஸ்கல் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு பிழை.

எடுத்துக்காட்டாக, 250 மி.லி. கரைசலில் 4.5 கிராம் குளுக்கோஸ், 27 டிகிரி செல்சியஸ். 4.5 ÷ 180 = 0.025 மோல். 0.25 லிட்டரில் 0.025 மோல் என்றால் 0.1 மோலார். அழுத்தம் 1 × 0.1 × 0.0821 × 300 = 2.46 அட்மாஸ்பியர். விடை சரியா என்று ஒரு நொடியில் பார்க்க, 25 டிகிரியில் 1 மோலார் துகள்களுக்கு ஏறத்தாழ 24.5 அட்மாஸ்பியர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இது நல்லியல்பு வாயுச் சமன்பாடு போலவே இருக்கிறதே?

1877-இல் வில்ஹெல்ம் ஃபெஃபர், நுண்துளைப் பீங்கான் கலத்தின் சுவருக்குள் காப்பர் ஃபெரோசயனைடு படலத்தைப் படியவைத்துச் சர்க்கரைக் கரைசல்களின் அழுத்தத்தை அளந்தார். அந்த எண்களைப் பார்த்துதான் வான்ட் ஹாஃப் இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குக் கிடைத்ததில் இந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

ஆனால் கரைபொருள் துகள்கள் வாயுவைப் போலச் சவ்வில் மோதித்தான் அழுத்தம் உண்டாகிறது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. சமன்பாடு கரைப்பானின் ஆற்றல் சமநிலையிலிருந்து வருகிறது. மிக நீர்த்த கரைசலுக்கு எளிமையாக்கும்போது வாயுச் சமன்பாட்டின் வடிவம் கிடைக்கிறது. செறிவு கூடினால் அந்த வடிவம் உடைந்துபோகும்.

சில இடங்களில் மோலாரிட்டி, சில இடங்களில் மோலாலிட்டி. ஏன்?

உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது. வெப்பநிலை மாறும்போது கன அளவு மாறும், எடை மாறாது என்பதால் இது வசதி. சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கு மரபாக மோலாரிட்டி. நீர்த்த நீர்க்கரைசலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

செறிந்த கரைசலில் நிலைமை வேறு. 1 மோலால் சுக்ரோஸ் கரைசலின் மோலாரிட்டி வெறும் 0.82தான், ஏனென்றால் 342 கிராம் சர்க்கரையும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. 20 டிகிரியில் மோலாரிட்டியை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20 அட்மாஸ்பியர் வரும், மோலாலிட்டியை வைத்தால் 24. உண்மையில் அளந்தால் 26-க்கும் மேல். இரண்டுமே குறைவாகத்தான் சொல்கின்றன என்றாலும் மோலாலிட்டி உண்மைக்கு அருகில் நிற்கிறது. 0.1 மோலாருக்கு மேல் போனால் விடையின் மூன்றாவது இலக்கத்தை நம்ப வேண்டாம்.

சோடியம் குளோரைடுக்கு வான்ட் ஹாஃப் காரணி 2 தானே? அளந்தால் ஏன் குறைகிறது?

2 என்பது முடிவிலா நீர்த்தலில் மட்டும். 0.01 மோலாலில் அது 1.94, 0.1 மோலாலில் 1.87. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால், தனித்தனித் துகள்களாக முழுச் சுதந்திரத்துடன் நடந்துகொள்வதில்லை. மின்சுமை கூடினால் இழுப்பு கூடும். மெக்னீசியம் சல்பேட்டும் இரண்டு அயனிகளாகத்தான் பிரிகிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் இரட்டை மின்சுமை. 0.01 மோலாலில் 1.53, 0.1 மோலாலில் 1.21. ஏட்டில் 2 என்று போட்டுக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் பிழை.

சோடியம் குளோரைடு போன்ற வலுமின்பகுளியில் 1.87 வந்ததை வைத்து '87 சதவீதம்தான் பிரிந்திருக்கிறது' என்று எழுதுவது பழைய பழக்கம். அது முழுவதும் பிரிந்தே இருக்கிறது. குறைவுக்குக் காரணம் அயனி இழுப்பு. பிரிகை வீதத்தைக் காணும் சூத்திரம், (காரணி − 1) ÷ (அயனிகளின் எண்ணிக்கை − 1), வலிமை குறைந்த மின்பகுளிகளுக்கே பொருந்தும். 0.1 மோலால் அசிட்டிக் அமிலத்தில் பிரிகை 1.3 சதவீதம், காரணி 1.013. உறைநிலையை வைத்து இந்த 0.013-ஐப் பிடிக்க, சாதாரண வெப்பநிலைமானி போதாது.

காரணி 1-க்குக் கீழே வருமா?

வரும், துகள்கள் ஒன்றோடொன்று இணைந்தால். பென்சீனில் பென்சாயிக் அமிலம் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபடியாகிறது. 50 கிராம் பென்சீனில் 1.22 கிராம் அமிலம் கரைத்தால் 0.2 மோலால். பென்சீனின் உறைநிலை மாறிலி (1 மோலால் துகள்களுக்கு உறைநிலை இறங்கும் அளவு) 5.12 என்பதால் 1.02 டிகிரி இறங்க வேண்டும். அளந்ததில் 0.55 டிகிரிதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். காரணி 0.55 ÷ 1.02 = 0.54. இணைதல் வீதம் (1 − 0.54) ÷ (1 − ½) = 0.92. அமிலத்தில் 92 சதவீதம் இணையாகக் கிடக்கிறது. இந்த அளவீட்டிலிருந்து மோலார் நிறையைக் கண்டால் 122-க்குப் பதில் ஏறத்தாழ 227 வரும்.

ஒரு நினைவுக்குறிப்பு: துகள் பிரிந்தால் கணக்கில் வரும் மோலார் நிறை குறையும், இணைந்தால் கூடும். திசையை மாற்றி எழுதிவிடுவது எளிது.

உறைநிலைத் தாழ்வால் மோலார் நிறையைக் காண்பது எப்படி?

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மாணவர் ஆய்வகங்களில் அதன் இடத்தைச் சைக்ளோஹெக்சேன் பிடித்துவிட்டது. உறைநிலை 6.5 டிகிரி, மாறிலி ஏறத்தாழ 20.2. நீரின் 1.86-ஐ ஒட்டிப் பார்த்தால் பதினொரு மடங்கு. 20 கிராம் சைக்ளோஹெக்சேனில் 0.50 கிராம் நாப்தலீன் என்றால் 0.195 மோலால், இறக்கம் 3.9 டிகிரி. வெப்பநிலையில் 0.1 டிகிரி தவறினால் விடையில் 2.5 சதவீதப் பிழை. இதே செறிவில் நீர்க்கரைசலானால் இறக்கம் 0.36 டிகிரிதான், அதே 0.1 டிகிரித் தவறு விடையை 28 சதவீதம் கெடுத்துவிடும். கரைப்பானைத் தேர்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

உலர்ந்த சோதனைக்குழாயில் 20.0 கிராம் சைக்ளோஹெக்சேனை எடையிட்டு எடுங்கள் (ஏறத்தாழ 26 மி.லி.). வளையக் கலக்கியும் 0.1 டிகிரி பிரிவுள்ள வெப்பநிலைமானியும் பொருத்துங்கள். இந்தக் குழாயை அதைவிடப் பெரிய வெற்றுக் குழாய்க்குள் நிறுத்தி, இரண்டையும் சேர்த்துப் பனிக்கட்டியும் சிறிது உப்பும் கலந்த குளிர்த்தொட்டியில் வையுங்கள். நடுவில் இருக்கும் காற்று உறை குளிர்தலை மெதுவாக்கும். அதை விட்டுவிட்டால் ஓரத்தில் உறைந்து நடுவில் திரவமாகக் கிடக்கும். சீராகக் கலக்கியபடி 15 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். தூய கரைப்பானின் வளைகோடு சிறிது கீழே சரிந்து, சட்டென ஏறி, கிடையாக நிற்கும். அந்தக் கிடைக்கோடுதான் உறைநிலை. பிறகு உருகவிட்டு, 0.50 கிராம் நாப்தலீனைத் துல்லியமாக எடையிட்டுச் சேர்த்து, முழுதும் கரைந்தபின் மறுபடி அதையே செய்யுங்கள்.

கரைசலில் கிடைக்கோடு வராது, மெல்லச் சரியும் கோடுதான் வரும். கரைப்பான் உறைந்து வெளியேற வெளியேற, மீதமிருக்கும் திரவம் செறிவாகிக்கொண்டே போவதே காரணம். அந்தச் சரிவுக்கோட்டை இடப்பக்கம் நீட்டி, குளிர்தல் கோட்டைச் சந்திக்கும் புள்ளியை உறைநிலையாக எடுக்க வேண்டும். மீக்குளிர்வுக்குப் (உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே இருப்பது) பின் ஏறி நின்ற உச்சத்தை அப்படியே எடுத்தால், அதற்குள் ஒரு பங்கு உறைந்துபோயிருக்கும்; இறக்கம் கூடுதலாகத் தெரியும்; மோலார் நிறை குறைந்து வரும். மீக்குளிர்வு ஒரு டிகிரிக்கு மேல் போகிறதென்றால் கலக்குவது போதவில்லை, அல்லது தொட்டி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது.

வேறு பிழைகள்: நாப்தலீன் துகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டால் விடை கூடும். சைக்ளோஹெக்சேன் ஆவியாகிக் குறைந்தால் விடை குறையும். வெப்பநிலைமானி எங்கும் ஒரே அளவு தவறாகக் காட்டினால் பாதிப்பில்லை, இரண்டு அளவீட்டுக்கும் அதையே பயன்படுத்தும்வரை. சைக்ளோஹெக்சேன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அருகே சுடர் கூடாது. அதன் மாறிலி நூலுக்கு நூல் 20.0 முதல் 20.8 வரை மாறுவதால், முதலில் நாப்தலீனை வைத்து உங்கள் அமைப்புக்கான மாறிலியைக் கண்டுகொண்டு, பிறகு தெரியாத பொருளுக்குப் போவது நல்லது.

சைக்ளோஹெக்சேனின் மாறிலி மட்டும் ஏன் இவ்வளவு பெரிது?

மாறிலி = வாயு மாறிலி × உறைநிலையின் இருமடி × கரைப்பானின் மோலார் நிறை ÷ உருகல் வெப்பம். மோலார் நிறை கிலோகிராமில். நீருக்கு உருகல் வெப்பம் மோலுக்கு 6.01 கிலோஜூல், சைக்ளோஹெக்சேனுக்கு ஏறத்தாழ 2.7 மட்டுமே, மோலார் நிறையோ 84. எண்களைப் போட்டால் முதலாவதற்கு 1.86, இரண்டாவதற்கு 20.3 வரும். கற்பூரம் இன்னும் ஒரு படி மேலே: ஏறத்தாழ 40. கற்பூரத்துடன் பத்தில் ஒரு பங்கு எடையில் பொருளைச் சேர்த்து உருக்கி, ஆறவைத்துப் பொடித்து, நுண்குழாயில் உருகுநிலை பார்ப்பது ராஸ்ட் முறை. சில மில்லிகிராம் பொருளே போதும். கற்பூரம் 178 டிகிரிக்கு அருகில் உருகுவதால், அந்தச் சூட்டில் சிதையும் பொருளுக்கு இது உதவாது. கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலையைத்தான் குறிக்க வேண்டும்.

நீரின் கொதிநிலை மாறிலி 0.512 என்று சிறுத்திருப்பதும் இதே சூத்திரத்தால்தான். ஆவியாதல் வெப்பம் 40.7 கிலோஜூல், உருகல் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு அருகில்.

எத்தனால் சேர்த்தால் கொதிநிலை ஏறாமல் இறங்குகிறதே?

எத்தனால் தானே ஆவியாகும் பொருள். கரைபொருள் ஆவியாகாது என்பது ஆவி அழுத்தத் தாழ்வுக்கும் கொதிநிலை ஏற்றத்துக்கும் அடிப்படை நிபந்தனை. உறைநிலைக்கு அந்த நிபந்தனை கிடையாது. அங்கே வேண்டியது, உறைந்து வருவது தூய கரைப்பானாக இருப்பது. நீரில் எத்தனால் இருந்தாலும் பனிக்கட்டி தூய நீராகத்தான் உருவாகிறது; எனவே உறைநிலை ஒழுங்காக இறங்கும்.

இன்ஜின் குளிர்விப்பானில் எத்திலீன் கிளைக்காலை அதிகம் சேர்த்தால் பாதுகாப்பு அதிகமா?

ஓர் அளவு வரைதான். நீரும் கிளைக்காலும் கன அளவில் பாதிக்குப் பாதி என்றால் உறைநிலை −37 டிகிரிக்கு அருகில். கிளைக்காலை மட்டும் தனியாக ஊற்றினால் −13 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெப்பத்தைக் கடத்துவதும் நீரைவிடக் குறைவு. 1.86-ஐ வைத்து இந்தச் செறிவுக்குக் கணக்கிட்டால் −33 வரும். நீர்த்த கரைசலுக்கான சூத்திரத்தை இவ்வளவு செறிவில் பயன்படுத்தினால் அது தோராயம்தான்.

பனிக்கட்டியும் சோடியம் குளோரைடும் கலந்த குளிர்த்தொட்டிக்கும் ஒரு கீழெல்லை உண்டு: எடையில் 23.3 சதவீத உப்பில் −21.1 டிகிரி. அதற்குக் கீழே உப்பும் பனியும் தனித்தனித் திண்மங்களாகப் பிரிந்துவிடும். மூன்று பங்கு பனித்தூளுக்கு ஒரு பங்கு உப்பு என்ற ஆய்வகக் கணக்கு இதிலிருந்து வந்ததே.

பாலிமர், புரதம் போன்றவற்றுக்கு ஏன் சவ்வூடு பரவல் அழுத்தம்?

லிட்டருக்கு 5 கிராம் ஆல்புமின், மோலார் நிறை 66,500. செறிவு 0.000075 மோலார். உறைநிலை இறங்குவது 0.00014 டிகிரி, அளக்கவே முடியாது. சவ்வூடு பரவல் அழுத்தம் 1.4 மி.மீ. பாதரசம், நீர்த்தம்பத்தில் 19 மி.மீ. கண்ணால் பார்த்தே அளக்கலாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. அந்த ஆல்புமினில் எடைக்கு 0.1 சதவீதம் சோடியம் குளோரைடு மாசாக இருக்கிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான். ஆனால் அது தரும் அயனிகள் 0.00017 மோலார், புரத மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! உறைநிலை முறையில் இந்த மாசு விடையை மூன்றில் ஒன்றாகச் சுருக்கிவிடும். சவ்வு முறையிலோ உப்பு சவ்வைத் தாண்டி இருபுறமும் சமமாகிவிடும், கணக்கில் பெரும்பாலும் வராது.

ஒரே செறிவில் அளந்து நிறுத்தக் கூடாது. நான்கைந்து செறிவுகளில் அளந்து, அழுத்தம் ÷ செறிவு என்பதைச் செறிவுக்கு எதிராக வரைந்து, கோட்டைப் பூஜ்யச் செறிவுக்கு நீட்ட வேண்டும். அங்கே வெட்டும் மதிப்புதான் மோலார் நிறையைத் தரும். கிடைப்பது எண்சராசரி மோலார் நிறை (மொத்த எடை ÷ மொத்த மோல்கள்). பாலிமரின் சிறு துண்டுகள் சவ்வைக் கடந்து கசிந்தால் விடை கூடிவிடும். புரதத்துக்கு மின்சுமை இருந்தால் எதிரயனிகளும் ஒருபுறம் தங்கி அழுத்தத்தைக் கூட்டும்; அதைத் தவிர்க்கச் சமமின் புள்ளியிலோ (புரதத்தின் நிகர மின்சுமை பூஜ்யமாகும் pH), போதிய உப்பு சேர்த்தோ அளக்க வேண்டும். மூலக்கூறு மிகப் பெரிதாகி மோலார் நிறை பல லட்சத்தைத் தாண்டினால் இங்கும் அழுத்தம் அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

0.9 சதவீத உப்புக் கரைசலும் 5 சதவீத குளுக்கோஸும் இரத்தத்துக்குச் சமமானவையா?

துகள் கணக்கில் ஆம். லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு 0.154 மோலார், அயனிகளாக 0.308. அயனி இழுப்பைக் கழித்தால் ஏறத்தாழ 286 மில்லி ஆஸ்மோல் (ஆஸ்மோல் என்பது ஒரு மோல் துகள்கள்). 5 சதவீத குளுக்கோஸ் 278. இரத்தப் பிளாஸ்மா 275 முதல் 295 வரை.

உடலுக்குள் போனபின் இரண்டும் ஒன்றல்ல. குளுக்கோஸை உயிரணுக்கள் எடுத்துக்கொண்டுவிடும், மிஞ்சுவது வெறும் நீர். 0.3 மோலார் யூரியா கரைசல் இன்னும் தெளிவான சான்று. துகள் எண்ணிக்கை பிளாஸ்மாவுக்குச் சமம். ஆனால் சிவப்பணுக்களை அதில் போட்டால் சிறிது நேரத்தில் வெடித்துவிடும். யூரியா சவ்வைத் தாராளமாகத் தாண்டி உள்ளே போகிறது, நீர் அதன் பின்னால் போகிறது. மொத்தத் துகள்களை எண்ணுவது ஒன்று. அவற்றுள் அந்தக் குறிப்பிட்ட சவ்வைத் தாண்டாதவற்றை எண்ணுவது வேறொன்று. உயிரணு விரியுமா சுருங்குமா என்பதை இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது.

உருளைக்கிழங்குச் சோதனையில் விடைகள் ஏன் சிதறுகின்றன?

0, 0.1, 0.2 என 0.6 மோலார் வரை சுக்ரோஸ் கரைசல்களில், ஒரே நீளத்துக்கு வெட்டிய கிழங்கு உருளைகளைப் போட்டு எடை மாற்றத்தைப் பார்க்கும் சோதனை இது. எடை மாறாத செறிவு 0.3 மோலார் என்று வந்தால், 20 டிகிரியில் ஏறத்தாழ 7.3 பார். அதுதான் அந்தத் திசுவின் நீர் ஆற்றலின் (நீர் வெளியேறும் நாட்டத்தின்) அளவு, எதிர்க்குறியுடன்.

சிதறலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒற்றி எடுப்பது. ஓர் உருளையை அழுத்தித் துடைத்து இன்னொன்றை ஈரத்தோடு எடையிட்டால், அந்த வேறுபாடே அளவீட்டை விழுங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி, அழுத்தாமல், தாளில் உருட்டி எடுங்கள். தோல் ஒட்டிய துண்டு வேண்டாம். குழாய்களை மூடி வையுங்கள். கிராமில் அல்லாமல் சதவீதத்தில் மாற்றத்தை வரையுங்கள், தொடக்க எடைகள் சமமாக இருப்பதில்லை என்பதால்.

கடல்நீரை எதிர் சவ்வூடு பரவலால் நன்னீராக்க 27 பாருக்கு மேல் சிறிது போதாதா?

எதிர் சவ்வூடு பரவல் என்பது, கரைசலை அழுத்தி அதன் நீரைச் சவ்வின் வழியே மறுபுறம் தள்ளுவது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 26, 27 பார் அளவில் இருக்கும். ஆனால் நிலையங்கள் பெரும்பாலும் 55 முதல் 70 பாரில் இயங்குகின்றன. நன்னீரைப் பிரித்தெடுக்க எடுக்க மீதி நீர் செறிவாகிறது. பாதியை எடுத்துவிட்டால் மீதியின் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்கு. குழாயின் கடைசி முனையிலும் அதைத் தாண்டி அழுத்த வேண்டும். அதோடு, சவ்வை ஒட்டிய மெல்லிய அடுக்கில் தடுக்கப்பட்ட உப்பு தேங்கும். சவ்வு உணரும் செறிவு நடுநீரின் செறிவைவிட அதிகம். ஓட்டத்தை வேகமாக்கினால் இந்தத் தேக்கம் குறையும்.

பாதி நீரை மீட்க, ஒரு கனமீட்டருக்கு எந்த இயந்திரமும் தாண்ட முடியாத குறைந்தபட்ச ஆற்றல் 1 கிலோவாட் மணி அளவு. சவ்வை எவ்வளவு மேம்படுத்தினாலும் இதற்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் இது சவ்வின் குறையல்ல, கரைசலின் கணக்கு.

மருத்துவமனை ஆய்வகத்தில் ஆஸ்மோலாலிட்டியை எப்படி அளக்கிறார்கள்?

ஆஸ்மோலாலிட்டி என்பது ஒரு கிலோ நீரில் எத்தனை ஆஸ்மோல் என்பது. அதை அளப்பது உறைநிலைத் தாழ்வால்தான். சில துளி சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) உறைநிலைக்குக் கீழே திரவமாகவே குளிர்வித்து, ஓர் அதிர்வால் உறையத் தூண்டுவார்கள். வெப்பநிலை ஏறி நிற்கும் இடத்தைக் கருவி படிக்கும். 1 கிலோ நீருக்கு 1 ஆஸ்மோல் என்றால் 1.86 டிகிரி, 286 மில்லி ஆஸ்மோல் உள்ள சீரம் −0.53 டிகிரியில் உறையும். தெரிந்த செறிவுள்ள உப்புக் கரைசல்களை வைத்துக் கருவியை முதலில் சரிபார்ப்பது கட்டாயம்.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம்: லிட்டருக்கு மில்லிமோலில் சோடியம் × 2, அதோடு டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் குளுக்கோஸ் ÷ 18, யூரியா ÷ 6. அளந்தது கணக்கைவிடப் பெரிதும் கூடினால், கணக்கில் சேராத சிறு மூலக்கூறு ஏதோ இரத்தத்தில் இருக்கிறது. மெத்தனால், எத்தனால், எத்திலீன் கிளைக்கால் ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. ஆவி அழுத்தத்தை வைத்து அளக்கும் கருவியும் உண்டு. மெத்தனாலும் எத்தனாலும் தாமே ஆவியாகிவிடுவதால் அந்தக் கருவியின் கண்ணுக்கு அவை தப்பிவிடும்; நச்சு ஐயம் இருக்கும் நோயாளிக்கு உறைநிலைக் கருவியின் அளவீட்டைத்தான் கேட்க வேண்டும்.